கல் வைக்கும் இரவும் அதற்கு முந்தைய போனும்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழ மண்டி வைத்திருக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம். ஒவ்வொரு தவக்காலத்திலும் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, 'இனிமேல் கல் வைக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டு வருகிறேன். காயைச் சீக்கிரம் பழுக்க வைக்கும் கார்பைடு கல்லைத்தான் சொல்கிறேன். சீசன் சூடு பிடித்ததும் கார்பைடு பொட்டலம் மறுபடி பெட்டிக்குள் போய்விடுகிறது. அந்த ராத்திரியில் எனக்கு வேறு வழியே இருப்பதில்லை. நான் விழுவேன் என்று கடவுளுக்கு முன்பே தெரியும். அப்புறம் எனக்குச் சுதந்திர மனம் இருக்கிறது என்று பூசையில் சொல்வதற்கு என்ன அர்த்தம்?

ஆ.

அன்புள்ள ஆ.,

கடவுளின் முன்னறிவைப் பற்றிய கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம், உங்கள் சிக்கல் அதில் இல்லை. தொப்பூர் மலைமேல் நின்று பார்ப்பவனுக்குக் கீழே எந்த லாரி வளைவில் கவிழப்போகிறது என்று தெரியலாம். அவன் பார்வை லாரியைத் தள்ளுவதில்லை. ஆறாம் நூற்றாண்டிலேயே போயத்தியுஸ் என்ற ரோமானியத் தத்துவஞானி சிறையில் இருந்துகொண்டு இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டிவிட்டார்: கடவுள் காலத்துக்கு வெளியே இருந்து காண்கிறார், காண்பது கட்டாயப்படுத்துவதல்ல.

என்னை நிறுத்தியது 'அந்த ராத்திரியில் வேறு வழியே இருப்பதில்லை' என்ற வரி. அது ஏறக்குறைய உண்மை என்றே நினைக்கிறேன். தொப்பூர் லாரிக்கே வருவோம். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும். நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழுகிறது. டிரம் சூடேறி பிடி தளர்கிறது. கீழ் வளைவில் டிரைவர் உயிரைக் கொடுத்து மிதிக்கிறார், ஒன்றும் நடப்பதில்லை. அந்த இடத்தில் அவருக்குச் சுதந்திரம் இல்லைதான். அது மேலே, கியரில் கை வைத்த இடத்தில் இருந்தது.

உங்கள் தொழிலில் அந்த இடம் போன். சென்னையிலிருந்து பார்ட்டி கூப்பிடுகிறார், முதல் வரத்துக்கு நல்ல ரேட். காய் இன்னும் மரத்தில். 'புதன்கிழமை லோடு வந்துவிடும்' என்று சொல்கிறீர்கள். வைக்கோலில் தானாகப் பழுக்க ஒரு வாரமாவது ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன! அந்த வாய்ச்சொல்லுக்குப் பிறகு பாதி முற்றிய காயை இறக்குவது, கல் வைப்பது எல்லாம் சரிவில் தானாக நடக்கும். கார்பைடு ஈரம் பட்டு அசிட்டிலின் வாயுவை விடும், தோல் மஞ்சளாகும், உள்ளே புளிக்கும். செவ்வாய் ராத்திரி நீங்கள் போராடுவது கீழ் வளைவில் பிரேக் மிதிப்பது போலத்தான்.

துறவியர் மரபு இதைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சீனாய் மலையில் வாழ்ந்த யோவான் கிளிமாக்கஸ் சொல்லும் வரிசை: எண்ணம் வந்து தட்டுவது, அதோடு பேச்சுக் கொடுப்பது, சம்மதிப்பது, அடிமையாவது. தட்டுவதில் பாவமே இல்லை. பெரும்பாலானோர் பேச்சுக் கொடுக்கும் கட்டத்தை வியாபாரம் என்று நினைத்துக் கடந்துவிட்டு, அடிமையான கட்டத்தில் நின்று ஜெபிக்கிறார்கள். மனிதனின் சுதந்திர மனம் பலவீனப்பட்டிருக்கிறது, ஆனால் அழிந்துபோகவில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான திரெந்து சங்கம் 1547இல் சொன்னது. பலவீனமான காலோடு சரிவில் ஓடக்கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். முழு அறிவும் முழுச் சம்மதமும் இருந்தால்தான் கனமான பாவம் என்று ஞான உபதேசத்தில் படித்திருப்பீர்கள். 'ராத்திரி என் சம்மதம் பாதிதான்' என்ற சமாதானம் எடுபடாது. காரணத்தை அறிந்து விரும்பியவன் விளைவையும் விரும்பியவனாகவே கணக்கு. ஆகவே அடுத்த முறை கல் வைத்ததை மட்டும் சொல்லாதீர்கள், போனில் நாள் சொன்னதையும் சொல்லுங்கள்.

சோதனையோடு தப்பும் வழியையும் கடவுள் தருவார் என்று பவுல் எழுதுகிறார் (1 கொரி 10:13). உங்களுக்கு அந்த வழி மிகச் சாதாரணமானது. பத்துக் காய் பறித்து ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். முற்றியது மூழ்கும், முற்றாதது மிதக்கும். மிதப்பது ஒன்றிரண்டுக்கு மேல் போனால் நாள் சொல்லாதீர்கள். கார்பைடு 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை. பழுக்க வைக்க எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி. சொந்த அறை இல்லையென்றால் பழுக்க வைக்கும் அறையை வாடகைக்குப் பிடியுங்கள், சில நாளில் உள்ளும் புறமும் பழுக்கும். முதல் வார ரேட் கை நழுவும். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த தனி ஆய்வையும் செய்து பாருங்கள். காலையில் ஒரே ஒரு குறையை மனதில் வைக்க வேண்டும். மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை, அதில் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று நோட்டில் புள்ளி வைக்க வேண்டும். ஒரு நாளுக்கு இரண்டு கோடுகள், வாரத்துக்கு ஏழு ஜோடி. இதில் ஆட்கள் சறுக்குவது 'பேராசை' என்று பெரிதாக எழுதிக்கொள்வதில்தான். அதை எண்ண முடியாது. 'காயைப் பார்க்காமல் நாள் சொன்னேன்' என்று எழுதுங்கள், எண்ணலாம். நோட்டு மண்டிக் கல்லாவிலேயே இருக்கட்டும். பங்காளியோ மச்சானோ யார் கூட இருக்கிறாரோ அவரிடமும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். சோதிப்பவன் ரகசியம் வெளியே வருவதைத்தான் வெறுக்கிறான் என்பதும் இஞ்ஞாசியார் சொன்னதே.

'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' என்ற மன்றாட்டை மண்டி திறக்கும்போது, முதல் போன் வருமுன் சொல்லுங்கள். நள்ளிரவுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கல் வைத்து விற்ற லாபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடமை உண்டு. வாங்கியவர் தெரிந்தால் அவருக்கு, தெரியாவிட்டால் ஏழைகளுக்கு. போன சீசனில் எத்தனை பெட்டி என்று கணக்குப் பார்த்து, அந்தத் துண்டுச்சீட்டோடு பங்குச் சாமியாரைப் போய்ப் பாருங்கள்.