பத்து முறை எழுதினால் வாசிப்பு வந்துவிடுமா?

கேள்வி: மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன். வாய்மொழியாகக் கேட்டால் டாண் டாண் என்று பதில் சொல்கிறான். புத்தகத்தைக் கொடுத்தால் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறான். டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்று பரிசோதனையில் தெரிந்தது. தடுமாறும் சொற்களைப் பத்து முறை எழுதிவரச் சொல்கிறேன், பலனில்லை. சிறப்புப் பயிற்சி பெறாத நான் வகுப்பில் என்ன செய்யலாம்? – ஓர் ஆசிரியை

பதில்: முதலில் அந்தப் பத்து முறையை நிறுத்திவிடுங்கள். பார்த்து எழுதுகிறவன் வடிவத்தைத்தான் வரைகிறான், ஒலியை நினைப்பதில்லை. அவனுக்குச் சிக்கலோ பெரும்பாலும் ஒலியில்தான்: சொல்லை ஒலிகளாகப் பிரித்து எழுத்தோடு பொருத்துவது கடினம். பார்வைக் குறையோ அறிவுக் குறையோ இதற்குக் காரணமல்ல. (நிறக் கண்ணாடி, வண்ணத் தாள் என்று யாராவது பரிந்துரைத்தால் பணத்தை வீணாக்க வேண்டாம். அவற்றால் வாசிப்பு மேம்படும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை.)

ஆகவே காதிலிருந்து தொடங்குங்கள். ‘மரம்’ என்பதில் ‘ம’வை விட்டுவிட்டுச் சொல், ‘கல்’லில் ‘க’வுக்குப் பதில் ‘ப’ போடு என்று தினமும் ஐந்து நிமிடம், வகுப்பு முழுவதற்கும் விளையாட்டாக.

எழுத்துக்கு வரும்போது 247 எழுத்து அட்டவணையை மறந்துவிடுங்கள். ப, ட, ம, ர, ம், ட் போதும். படம், மரம், பட்டம் வாசித்துவிடலாம். பிறகு துணைக்கால் மட்டும்: படம்–பாடம், மடம்–மாடம். விரலால் எழுத்தை வரைந்தபடியே ஒலியையும் உரக்கச் சொல்லட்டும். அது கைவந்த பிறகே அடுத்த குறி.

கொம்பில்தான் பலர் சிக்குகிறார்கள். ‘கெ’யில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, ஒலியில் அது பின்னால் வருகிறது. ‘கொ’வில் ஒரு பக்கம் கொம்பும் மறுபக்கம் காலும் நிற்கின்றன, காலைக் கவனிக்காவிட்டால் ‘கொடி’ ‘கெடி’யாகிவிடும். கொம்பையும் காலையும் வேறு நிறத்தில் எழுதிக் காட்டி, இங்கே அவசரமில்லாமல் பல நாள் செலவிடுங்கள். ல, ள, ழ மூன்றையும் ஒரே வாரத்தில் எடுக்காதீர்கள். ‘பக்கம்’, ‘பங்கு’, ‘பகல்’ மூன்றிலும் ககரம் வேறுவேறாக ஒலிப்பதை மற்றப் பிள்ளைகள் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள். இவனுக்கு வாய்விட்டுச் சொல்லித்தர வேண்டும்.

ஊகிக்கத் தொடங்கினால் “ஒழுங்காகப் பார்” என்று சொல்லிப் பயனில்லை. ஓர் அட்டையால் சொல்லை மூடி, எழுத்தெழுத்தாக நகர்த்துங்கள். அருகில் படம் இருந்தால் அதையும் மூடுங்கள். கற்ற எழுத்துகள் மட்டுமே உள்ள வாக்கியங்களை நீங்களே எழுதிக் கொடுங்கள். தினமும் இருபது நிமிடம் போதும், வாரம் ஒருநாள் ஒன்றரை மணி நேரம் உட்காரவைப்பதைவிட அதுவே பலன் தரும்.

இதற்கிடையே அறிவியலும் சமூக அறிவியலும் அவனுக்காகக் காத்திருக்கக் கூடாது. பாடத்தை வாசித்துக் காட்டுங்கள், பதிலை வாய்மொழியாக வாங்குங்கள், தேர்வில் கூடுதல் நேரம் கேட்டுப் பெறுங்கள். முன்னறிவிப்பின்றி எழுப்பி வாசிக்கச் சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். வாசிக்க வேண்டிய பத்தியை முந்தைய நாளே கொடுத்துவிடலாம்.

முதலில் பிழை குறையும். வேகம் வெகு தாமதமாகத்தான் வரும். ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த சொற்களின் எண்ணிக்கையையும் தடுமாறிய எழுத்துகளையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்துவையுங்கள். சில மாதங்களாகியும் அந்த எண்ணிக்கை நகரவில்லை என்றால், அந்தக் குறிப்பேட்டுடன் ஒரு சிறப்புக் கல்வியாளரைப் பாருங்கள். எந்த எழுத்தில் நிற்கிறான் என்பதை அதை வைத்தே அவர் சொல்லத் தொடங்கலாம்.