மினி கூப்பர் எஸ்.இ. மின்சாரக் காரைப் பழையதாக வாங்கலாமா?

கேள்வி: 2022 மாடல் மினி கூப்பர் எஸ்.இ. ஒன்று விலைக்கு வருகிறது. முழு சார்ஜில் 200 கி.மீ. கூட ஓடாது என்கிறார்களே, உண்மையா? வாங்குவதாக இருந்தால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

உண்மைதான். நெடுஞ்சாலையில் 150, ஊருக்குள் 180 முதல் 200 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகவே இதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வீட்டில் சார்ஜ் போட வழியும், தினம் நூறு கிலோமீட்டருக்குள் ஓட்டமும் இருந்தால் இது அருமையான வண்டி. இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம் என்பேன்.

தூரம் ஏன் குறைகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. 1959-ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த முதல் மினி, சூயஸ் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததன் விளைவு. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியர் பெட்டியை அதன் அடியிலேயே அடக்கி, சுமார் 3 மீட்டர் நீள வண்டியில் நான்கு பேருக்கு இடம் பிடித்தார். பேட்டரியோ இடத்தை விழுங்கும் பொருள். 2008-ல் மினியின் உரிமையாளரான பி.எம்.டபிள்யூ சோதனைக்காக விட்ட மினி ஈ காரில் 35 யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரியை வைக்கப் பின் இருக்கையையே எடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் மட்டும் போகும் மினி அது.

2019-ல் அறிமுகமாகி ஆக்ஸ்ஃபோர்டில் தயாரான கூப்பர் எஸ்.இ.யில் அந்தத் தவறு நடக்கவில்லை. பேட்டரியை ஆங்கில 'டி' எழுத்து வடிவில் செய்து, முன் இருக்கைகளுக்கு நடுவிலும் பின் இருக்கைக்கு அடியிலும் நுழைத்தார்கள். இருக்கை நான்கு, டிக்கி 211 லிட்டர், பெட்ரோல் வண்டியில் இருந்தபடியே. ஆனால் அது பெட்ரோலுக்காக வடிவமைத்த உடம்பு. கிடைத்த இடத்தில் 12 மாட்யூல் (பேட்டரித் தொகுதி), மொத்தம் 32.6 யூனிட்தான் அடங்கியது. அதிலும் நமக்குப் பயன்படுவது 28.9 யூனிட். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இதுதான். ஊருக்குள் நிதானமாக ஓட்டினால் 100 கி.மீ.க்கு 15 யூனிட் பிடிக்கும், 190 கி.மீ. வரும். மணிக்கு 110-ல் போனால் 19 யூனிட் வரை ஏறும், 150 கி.மீ. வரும். அமெரிக்க அரசின் சோதனையில் 2022 மாடலுக்குக் கிடைத்ததும் 114 மைல், அதாவது 183 கி.மீ. விளம்பரத்தில் வரும் 270 கி.மீ.யை மறந்துவிடுங்கள். சென்னையிலிருந்து பாண்டிச்சேரி சுமார் 150 கி.மீ. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80-ல் போனால் ஒரே சார்ஜில் சேரலாம். அங்கே சார்ஜ் போடாமல் திரும்ப முடியாது.

ஓட்டும் சுகத்தில் குறையே கிடையாது. பி.எம்.டபிள்யூ ஐ3எஸ் காரிலிருந்து வந்த மோட்டார்: 184 குதிரைத்திறன், 270 நியூட்டன் மீட்டர். 0-விலிருந்து 100 கி.மீ. வேகத்துக்கு 7.3 விநாடி. முன் சக்கரங்களுக்கு இவ்வளவு இழுவை ஒரே நொடியில் போனால் வழுக்கும். அந்த வழுக்கலைப் பிடிக்கும் வேலை மோட்டாரின் கட்டுப்பாட்டுக்குள்ளேயே இருப்பதால் நனைந்த சாலையிலும் வண்டி அலைபாயாது. ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே வேகம் நன்றாகக் குறையும். அது எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும் என்பதை ஒரு சுவிட்சில் இரண்டு நிலையாக மாற்றலாம்.

இனி சார்ஜிங். பெரும்பாலான பிரச்சினைகள் காரில் இல்லை, வீட்டு ஒயரிங்கில்தான் வருகின்றன.

10 சதவீதத்திலிருந்து நிரப்ப 26 யூனிட் வேண்டும். இழப்பைச் சேர்த்தால் மீட்டரில் 29 யூனிட் ஓடும். சாதாரண பவர் பிளக்கில் 10 ஆம்பியர் வைத்தால் 2.3 கிலோவாட், கிட்டத்தட்ட 13 மணி நேரம். சிங்கிள் பேஸில் 32 ஆம்பியர் வால்பாக்ஸ் (சுவரில் பொருத்தும் சார்ஜர்) வைத்தால் 7.4 கிலோவாட், 4 மணி நேரம். மூன்று பேஸ் இருந்தால் 11 கிலோவாட் வரை எடுக்கும். இந்தச் சிறிய பேட்டரிக்கு 7.4 கிலோவாட்டே தாராளம். இதற்காக மட்டும் மூன்று பேஸுக்கு மாற வேண்டாம்.

பவர் பிளக்கில்தான் போடப் போகிறீர்கள் என்றால், மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 20 ஆம்பியர் எம்.சி.பி. (மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), பீங்கான் உள்ளமைப்பு கொண்ட நல்ல சாக்கெட். கீசருக்குப் போட்ட பழைய சாக்கெட்டில் சொருகாதீர்கள். கீசர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும், கார் இரவு முழுக்க ஒரே அளவில் இழுக்கும். உள்ளே ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடேறி பிளாஸ்டிக் உருகும். முதல் முறை ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள். வால்பாக்ஸுக்கு 6 சதுர மி.மீ. கம்பி, 40 ஆம்பியர் எம்.சி.பி., மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தேவை.

எர்த் சரியில்லையென்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு நின்றுவிடும். கார் கெட்டுப்போச்சு என்று பதறுவார்கள். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், 3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. கோடையில் எர்த் குழி காய்ந்துபோனாலே இந்தத் தொல்லை வரும்.

வழியில் போடும் டி.சி. (வேக) சார்ஜரில் இந்த வண்டி 50 கிலோவாட்டுக்கு மேல் எடுக்காது. 120 கிலோவாட் இயந்திரம் இருந்தாலும் அதே வேகம்தான், அதற்கு அதிக கட்டணம் என்றால் வீண். 80 சதவீதம் வரை சுமார் 35 நிமிடம். அதற்கு மேல் வேகம் இறங்கிவிடும், பிளக்கை எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். பிளக் சி.சி.எஸ். 2 வகை, நம் ஊரில் பரவலாகக் கிடைப்பது.

வாங்கும் முன் சோதனை. டாஷ்போர்டு காட்டும் தூரத்தை நம்ப வேண்டாம், கடைசியாக ஓட்டியவரின் பழக்கத்தை வைத்து அது போடும் மதிப்பீடு. 100 சதவீதம் ஏற்றச் சொல்லி, டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 20 சதவீதம் வரை ஓட்டிப் பாருங்கள். 140 கி.மீ. ஓடி, சராசரி 100 கி.மீ.க்கு 16 யூனிட் என்று காட்டினால், செலவானது 22.4 யூனிட். அதை 0.8-ஆல் வகுத்தால் 28. 28.9-க்குப் பக்கத்தில் இருக்கிறது, பேட்டரி நலம். 25-க்குக் கீழே வந்தால் விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். விற்பவர் அவ்வளவு தூரம் ஓட்ட விடவில்லையென்றால் சர்வீஸ் சென்டரில் பேட்டரி அறிக்கை கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது ரீகால். 2024-ல் இந்த மாடலின் பேட்டரி மிகைச் சூடாகித் தீப்பிடிக்கும் வாய்ப்பு இருப்பதாக உலகம் முழுவதும் சுமார் 1,40,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. தீர்வு, பேட்டரியைக் கண்காணிக்கும் மென்பொருள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்த வேலை முடிந்ததா என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் எழுத்தாக வாங்குங்கள். அந்த வேலை முடிக்காத வண்டியை எடுத்து வந்து வீட்டுக்குள் நிறுத்தாதீர்கள். பேட்டரி வாரண்டி 8 ஆண்டு. கிலோமீட்டர் வரம்பு எவ்வளவு, இரண்டாவது உரிமையாளருக்கு மாறுமா என்பதையும் அதே இடத்தில் கேட்டுவிடுங்கள்.

லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பகுதியைக் கட்டாயம் பாருங்கள். பேட்டரிக்கு அடியில் இடைவெளி வேண்டும் என்றே பெட்ரோல் கூப்பர் எஸ்.ஸைவிட 18 மி.மீ. உயர்த்தித்தான் செய்தார்கள். அப்படியும் நம் வேகத்தடைகளுக்கு அது போதாது. மேலோட்டமான கீறல் பரவாயில்லை. பேட்டரிப் பெட்டியில் பள்ளம் விழுந்திருந்தால் வேண்டவே வேண்டாம்.

டயர் ரன்-ஃப்ளாட் வகையா என்று பக்கவாட்டில் பாருங்கள், ஸ்டெப்னி கிடையாது. காற்று போனாலும் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. வரை ஓட்டலாம், ஆனால் விலை அதிகம், பள்ளத்தில் இறங்கினால் முதுகில் தெரியும். பிரேக் டிஸ்க்கில் துரு இருக்கிறதா என்றும் கவனியுங்கள். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் அதிகம் வேலை செய்யாது, கடலோர ஊர்களில் டிஸ்க் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை பின்னால் வண்டி இல்லாத இடத்தில் அழுத்திப் பிடித்தால் சுத்தமாகும். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 12 வோல்ட் பேட்டரி பலவீனமாக இருந்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி விழிக்காது. மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் அதை மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இந்தியாவில் 2022 பிப்ரவரியில் ரூ. 47.20 லட்சம் ஷோரூம் விலைக்கு வந்தது. முதலில் ஒதுக்கியது 30 வண்டிகள்தான். எண்ணிக்கை குறைவு என்பதால் கண்ணாடி, விளக்கு, பம்பர் எல்லாம் காத்திருந்து வாங்க வேண்டியவை. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத) காப்பீடு இல்லாமல் எடுக்காதீர்கள்.

200 கி.மீ. போதாது என்பவர்களுக்கு 2023-ல் வந்த அடுத்த தலைமுறை கூப்பர் எஸ்.இ. சரியான விடை. மின்சாரத்துக்காகவே வடிவமைத்த தளம், 54.2 யூனிட் பேட்டரி, 402 கி.மீ. என்கிறது ஐரோப்பியச் சோதனை. சீனாவில் கிரேட் வால் நிறுவனத்துடன் சேர்ந்து தயாரிக்கிறார்கள். ஆனால் 2024 ஜூலையில் இங்கே கொண்டுவந்தது பெட்ரோல் கூப்பர் எஸ்., கூடவே 54.90 லட்சத்துக்கு பெரிய மினியான கன்ட்ரிமேன் எலக்ட்ரிக். கன்ட்ரிமேன் தூரம் போகும், இடமும் தாராளம், ஆனால் மூன்று கதவு மினியின் துள்ளல் அதில் இல்லை.

அடுக்குமாடியில் இருக்கிறீர்களானால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை லைன் இழுக்கக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கேபிள் நீளம் 30 மீட்டரைத் தாண்டினால் 10 சதுர மி.மீ. கம்பி போடச் சொல்லுங்கள்.