விபத்துப் பதிவு: டேப்லெட் வாங்கலாமா, டேஷ்கேம் போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், இந்த முறை சாலை விபத்தைப் பதிவு செய்வது பற்றியவற்றுக்குப் பதில்கள்.

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். போன மாதம் அவன் காரைப் பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். போலீஸ் அதிகாரி சாலையோரத்திலேயே கணினியில் எல்லாவற்றையும் பதிந்து, புகார் எண்ணைக் கையில் கொடுத்துவிட்டாராம். இங்கே மட்டும் ஏன் நாமே ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும்?

அங்கே பெரும்பாலும் விபத்து நடந்த இடத்துக்கு வந்த அதிகாரிதான் அறிக்கையை எழுதுகிறார். இங்கே முதல் புகாரை நீங்கள் கொடுக்கிறீர்கள். விசாரணை அதிகாரியின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். வித்தியாசம் கருவியில் இல்லை, யார் முதலில் பதிவது என்ற முறையில் இருக்கிறது.

அமெரிக்க ரோந்துக் காரில் இருக்கும் மென்பொருள் செய்வது இதுதான். அயோவா மாநிலத்தில் உருவாகிப் பல மாநிலங்களுக்குப் பரவிய 'டிராக்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். ஓட்டுநர் உரிமத்தின் பின்புறம் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்தால் பெயர், முகவரி, பிறந்த தேதி, உரிம எண் எல்லாம் தாமாகவே படிவத்தில் ஏறிவிடும். வரைபடத்தில் இடத்தைக் குறிக்கலாம், திரையிலேயே சாலையையும் வாகனங்களையும் வரையலாம். 'ஒரே வாகனம்' என்று பதிந்துவிட்டுப் 'பின்புற மோதல்' என்று தேர்ந்தெடுத்தால் மென்பொருள் அங்கேயே நிறுத்திக் கேட்கும். என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்பதற்கு 1998-இலிருந்து நாடு தழுவிய பொதுப் பட்டியல் ஒன்றும் உண்டு.

ஆனால் அதிலும் ஓட்டைகள் இருக்கின்றன. அதிகாரி விபத்து இடத்தைவிட்டு நகர்ந்து கடை வாசலில் நிறுத்தி எழுதினால் ஜிபிஎஸ் கடை வாசலைத்தான் காட்டும். பார்கோடில் இருப்பது உரிமம் எடுத்த நாளின் முகவரி. நடுவில் வீடு மாறியிருந்தால் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும். அவசரத்தில் பட்டியலின் முதல் வரியையே தட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

நம் நாட்டில் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, விபத்தில் சிக்கிய ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். பிறகு முடிந்தவரை சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள ஸ்டேஷனில் புகார் செய்ய வேண்டும். யாராவது இறந்திருந்தாலோ பலத்த காயம் அடைந்திருந்தாலோ, ஆளைக் காப்பாற்றுவது போன்ற அவசரத்துக்கே தவிர, போலீஸ் அனுமதி இல்லாமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

புகார் மலாயில் பதிவாகும். ஸ்டேஷனுக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: விபத்து நடந்த நேரம், சாலைப் பெயரும் கிலோமீட்டர் கல் எண்ணும், எங்கிருந்து எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள், எந்தத் தடம், அடுத்தவரின் வண்டி எண், யாருக்கு எங்கே அடி. 'கோலகங்சார் போகும் சாலை' என்பது போதாது. 'ஈப்போவிலிருந்து கோலகங்சார் நோக்கி, இடது தடம், இன்ன கல்லுக்கு அருகில்' என்று இருக்க வேண்டும். பதிவானதும் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுவதையும் படியுங்கள். மலாய் சரளமாக வராதவர்கள் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. இடது வலது மாறிப் பதிவாவதுதான் அதிகம் நடக்கும் பிழை. பிறகு இன்சூரன்ஸ் கம்பெனியின் மதிப்பீட்டாளர் உடைந்த பக்கத்தையும் புகாரையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது அது பூதாகரமாகிவிடும்.

கேள்வி: செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். தோட்டத்துச் சாலைகளில் டிராக்டர், லோரி, மோட்டார்சைக்கிள் விபத்துகளைப் பதிய டேப்லெட்டும் மென்பொருளும் வாங்கச் சொல்கிறார் மேனேஜர். விற்பனையாளர் ஆண்டுச் சந்தா கேட்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?

சந்தாவில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே என்று இரண்டு படிவச் செயலிகள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு போனிலேயே ஓடும். லைன் இல்லாத இடத்திலும் படிவத்தைச் சேமித்து வைத்து, அலுவலகம் வந்ததும் அனுப்பிவிடும். ஜிபிஎஸ், படம், கையெழுத்து, விரலால் வரையும் பட்டை எல்லாம் அதிலேயே உண்டு. தோட்டத்து அளவுக்குக் கோபோவின் இலவசக் கணக்கே போதும், ஆனால் நிறுவனங்களுக்கும் அது பொருந்துமா என்று முதலில் பாருங்கள். மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். எது குறைகிறது என்று தெரிந்த பிறகு விற்பனையாளரிடம் பேசினால், பேச்சு உங்கள் கையில் இருக்கும்.

கருவியை வாங்கும்போது விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற நினைவகம், கேமரா மெகாபிக்சல் இரண்டையும் ஒதுக்கிவிட்டு வேறு நான்கைப் பாருங்கள்.

முதலாவது திரையின் வெளிச்சம். வீட்டு டேப்லெட் 400 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) சுற்றி இருக்கும். நண்பகல் வெயிலில் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். 800-க்கு மேல் இருந்தால்தான் வெளியே வேலை நடக்கும்.

அடுத்தது ஜிபிஎஸ். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சிப் கிடையாது. மலிவான வேறு சில டேப்லெட்டுகளும் அப்படியே. சிம் போடும் வகையை எடுங்கள். அப்படியே எடுத்தாலும், வளர்ந்த செம்பனை மட்டைகளுக்கு அடியில் புள்ளி பத்து இருபது மீட்டர் தள்ளி விழலாம். அதனால் படிவத்தில் ஃபீல்டு (தோட்டப் பகுதி) எண்ணையும் அருகிலுள்ள பாலம் அல்லது சந்திப்பையும் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம் மழை. ஐபி67 (தூசி, நீர்த் தடுப்புத் தரம்) என்றால் தண்ணீர் உள்ளே போகாது, அவ்வளவுதான். துளி விழுந்தால் திரை தானாகத் தட்டிக்கொள்ளும். கையுறை முறை இருக்கிறதா, பேனாவால் மட்டும் தொடும்படி மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே விரலை நனைத்துச் சோதியுங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

கடைசியாகச் சூடு. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வெளிச்சூட்டு வரம்பு 35 பாகை. வெயிலில் நிறுத்திய ஹைலக்ஸ் பிக்கப்பின் டேஷ்போர்டு அதை எளிதாகத் தாண்டும். டேப்லெட் திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏற மறுக்கும், பேட்டரி உப்பும். இருக்கைக்கு அடியில் வைக்கச் சொல்லி எழுதி ஒட்டுங்கள்.

இனி படிவம். மேனேஜர்கள் அறுபது கேள்வி கேட்கப் பார்ப்பார்கள். இருபத்தைந்துக்கு மேல் போனால் மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) வாய்க்கு வந்ததைப் போட்டு முடிப்பார். எல்லாக் கட்டத்தையும் கட்டாயமாக்கினால், அடுத்த பக்கம் போவதற்காகப் புள்ளியும் சைபரும் விழும். நேரம், இடம், வண்டி எண், ஓட்டுநர் ஐசி (அடையாள அட்டை), காயம் ஆகிய ஐந்தை மட்டும் கட்டாயமாக்குங்கள். மற்றவற்றுக்குத் 'தெரியவில்லை' என்ற விடையும் இருக்கட்டும். 'விபத்து நடந்த நேரம்', 'பதிவு செய்த நேரம்' இரண்டும் தனித்தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும். கருவி தானாகப் போடுவது இரண்டாவதை மட்டுமே.

படங்கள்: வண்டியின் நான்கு மூலைகளிலிருந்து ஒவ்வொன்று, சாலையின் இரு பக்கமும் 15–20 மீட்டர் தள்ளி நின்று ஒவ்வொன்று, டயர்த் தடம், டயரின் பட்டைகள், சுமை. வரைபடத்துக்கு நகராத இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். மின்கம்பமும் மதகு முனையும் என்று வைத்துக்கொள்வோம். நின்றுபோன ஒவ்வொரு சக்கரத்துக்கும் அந்த இரண்டிலிருந்தும் தூரத்தை அளந்தால், வண்டியை எடுத்த பிறகும் அது நின்ற இடத்தை மறுபடி வரையலாம். 30 மீட்டர் அளவு நாடா ஒன்று போதும். டேப்லெட்டைவிட இந்த நாடாதான் அதிகம் உழைக்கும்.

உங்கள் படிவம் எந்தச் சட்டப்பூர்வ அறிக்கைக்கும் மாற்றாகாது. வேலைவிபத்து என்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கு 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உயிரிழப்போ, நான்கு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாத பலத்த காயமோ இருந்தால் தொழில் பாதுகாப்புத் துறைக்கு உடனே தகவல் சொல்லி, 7 நாளுக்குள் ஜேகேகேபி 6 படிவம் அனுப்ப வேண்டும். கோயிலுக்கும் பள்ளிக்கும் பொதுமக்கள் வந்துபோகும் தோட்டச் சாலை என்றால், அது தனியார் நிலம் என்று சொல்லிப் போலீஸ் புகாரைத் தவிர்க்க முடியாது. பொதுமக்கள் புழங்கும் சாலையையும் சட்டம் சாலையாகவே பார்க்கிறது. ஐசி எண்ணும் காயத்தின் படமும் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் சுற்றக் கூடாது என்பதையும் மேனேஜரிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: காருக்கு டேஷ்கேம் (முன்கண்ணாடியில் பொருத்தும் கேமரா) வாங்கப் போகிறேன். இணையத்தில் 80 வெள்ளிக்கும் இருக்கிறது, 800 வெள்ளிக்கும் இருக்கிறது. விபத்தில் ஆதாரமாக நிற்க எது வேண்டும்?

நம் வெயிலுக்கு முதல் கேள்வி: உள்ளே பேட்டரியா, கெப்பாசிட்டரா (மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் பாகம்)? லித்தியம் பேட்டரி உள்ளவை கண்ணாடிக்குப் பின்னால் சூடேறி உப்பிவிடும். மோதலில் மின்சாரம் அறுந்தால் கடைசிக் கோப்பைச் சேமிக்கச் சில விநாடி மின்சாரம் வேண்டும்; அதற்குக் கெப்பாசிட்டர் போதும், வெயிலையும் தாங்கும்.

தெளிவுக்கு 1080பி போதும். 4கே என்று அட்டையில் போட்டு, சின்ன சென்சாரில் ஊதிப் பெருக்குகிறவை நிறைய. இரவில் முன்வண்டியின் எண் பட்டை தெரிகிறதா என்று அந்த மாடலின் இரவுக் காணொளியைத் தேடிப் பாருங்கள். ஜிபிஎஸ் உள்ளதாக இருந்தால் நேரம் தானாகத் திருத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் மாதம் ஒருமுறை போனோடு ஒப்பிடுங்கள். புகாரில் மாலை 6 மணி, காணொளியில் 2019-ஆம் ஆண்டு என்றிருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு விருந்துதான்.

டேஷ்கேம் காலை வாருவது பெரும்பாலும் மெமரி கார்டில்தான். ஓயாமல் எழுதி எழுதிச் சாதாரண கார்டு சத்தமில்லாமல் செத்துவிடும். விளக்கு மட்டும் எரியும். 'ஹை எண்டியூரன்ஸ்' வகை 64 ஜிபி வாங்குங்கள். 1080பி-யில் ஏறக்குறைய பத்து மணி நேரம் நிற்கும், பிறகு பழையது அழிந்துகொண்டே வரும். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலியால் போலி கார்டா என்று கணினியில் சோதித்துவிடுங்கள். மாதம் ஒருமுறை கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

விபத்து நடந்தால் கார்டைக் கழற்றிப் பையில் போடுங்கள். வொர்க்‌ஷாப்புக்குப் போகும் வண்டியில் விட்டுவைக்காதீர்கள். கோப்பை அப்படியே பிரதி எடுங்கள், வெட்டவோ இசை சேர்க்கவோ வேண்டாம். கணினிப் பதிவுகளை நீதிமன்றம் ஏற்பது 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவின் கீழ். அசல் கார்டு கையில் இருந்தால் வேலை சுலபம்.

கேள்வி: விபத்துப் படங்களை வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பிவிட்டு என் போனில் அழித்துவிட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். எடுத்த நேரமும் இடமும் கழன்றுவிடும். உடனே போனின் 'அழிக்கப்பட்டவை' பகுதியைப் பாருங்கள், பெரும்பாலான போன்களில் 30 நாள் வரை இருக்கும். இனிமேல் 'ஆவணம்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: தொழிற்சாலைக்கு மோட்டார்சைக்கிளில் போகும்போது வழுக்கி விழுந்தேன். யாரும் இடிக்கவில்லை, அதனால் புகார் செய்யவில்லை. சொக்சோ கிடைக்குமா?

வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் இடையிலான பயண விபத்தும் சொக்சோவில் சேரும். ஆனால் விபத்து நடந்ததற்கு ஆதாரம் வேண்டும், போலீஸ் புகார்தான் அதில் முதன்மையானது. தாமதமானாலும் இன்றே போய்ச் செய்யுங்கள், தாமதத்துக்குக் காரணத்தையும் அதிலேயே சொல்லுங்கள். கிளினிக் சீட்டு, வேலை நேர அட்டை, வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கான வழி வரைபடம் மூன்றையும் எடுத்து வையுங்கள். வழியில் வேறு வேலையாகத் திரும்பியிருந்தால் மறைக்காதீர்கள். விழுந்த இடம் வழக்கமான பாதையில் இல்லை என்றால் முதலில் கேட்பதே அதைத்தான்.

கேள்வி: தவறு என்னுடையது இல்லை. இன்சூரன்ஸ் எடுத்தால் என்சிடி (கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான கட்டணக் கழிவு) போய்விடுமா? இழுவை லோரிக்காரர் 'எல்லாம் நான் பார்த்துக்கிறேன்' என்கிறார்.

இரண்டு கார்களுக்கும் முழுக் காப்புறுதி இருந்து, போலீஸ் விசாரணை முடிவு தவறு எதிர்த்தரப்பு மேல் என்று சொன்னால், உங்கள் கம்பெனியிடமே 'நோக் ஃபோர் நோக்' முறையில் கோரலாம், என்சிடி தங்கும். 55 விழுக்காட்டில் இருப்பவர் அதை இழந்தால் மறுபடி அங்கே வர ஐந்தாண்டு ஆகும். அதனால் முடிவு வரும்வரை சாதாரணக் கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

லோரிக்காரர் நீட்டும் வெற்றுத்தாளிலும் வேண்டாம். உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் இழுவைச் சேவை எண்ணைக் கூப்பிடுங்கள். அது கைவசம் இல்லையென்றால் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாமின் 15-500. வண்டி எந்த வொர்க்‌ஷாப்புக்குப் போகிறது என்பதை லோரி கிளம்பும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், லோரியின் எண் பட்டையையும் ஒரு படம் எடுங்கள்.