துளிக்குள் ஒரு பளிங்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சி-ஜி-சி-ஜி-ஏ-ஏ-ரி-ரி-சி-ஜி-சி-ஜி என்ற 12 அலகு டீஎன்ஏ துண்டை வெளிநாட்டில் செய்வித்து எடுத்தோம். பளிங்காக்கத் தொங்கு துளி முறையில் (மூடியில் தொங்கும் துளி, கீழே அடிக்கிணற்றில் செறிந்த கரைசல்) வைத்தால் சில துளிகள் உடனேயே வெளுக்கின்றன. சிலவற்றில் மயிர் போன்ற ஊசிகள் கொட்டுகின்றன. மற்றவை தெளிவாகவே கிடக்கின்றன. எங்கே பிழை? (முதுமாணி மாணவி, கொக்குவில்)

பதில்: முதலில் தூய்மையைப் பாருங்கள். தொகுப்பின்போது ஒவ்வோர் அலகும் 99% ஒட்டினாலும், 11 ஒட்டல் முடிய முழு நீளத் துண்டு 90% அளவுதான் மிஞ்சும். 98% என்றால் 80%. மிச்சத்தில் பெரும்பகுதி ஓர் அலகு குறைந்த துண்டுகள். அவை பளிங்கின் வளரும் முகத்தில் போய் ஒட்டி வளர்ச்சியை முடக்கும். ஆகவே 'உப்பு நீக்கியது' என்று மட்டும் எழுதிய குப்பியை வாங்க வேண்டாம், எச்.பி.எல்.சி என்ற நிரல் பிரிப்பு முறையில் பிரித்ததையே கேளுங்கள்.

அப்படிப் பிரித்ததிலும் திரைஎதைல் அமோனியம் என்ற அயன் ஒட்டிக்கொண்டு வரும். அதை அகற்றிச் சோடியம் ஏற்ற வேண்டும். எதனோலில் வீழ்படிவாக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இவ்வளவு குறுகிய துண்டு ஒழுங்காக வீழாது, பாதி கழுவலோடு போய்விடும். 1,000 டால்ற்றனுக்கு (மூலக்கூற்று எடை அலகு) மேற்பட்டதைத் தடுக்கும் மென்சவ்வில் முதலில் சோடியம் குளோரைட்டுக் கரைசலுக்கும் பிறகு தூய நீருக்கும் எதிராகக் கூழ்பிரிப்புச் செய்யுங்கள். உங்கள் துண்டின் ஓர் இழை ஏறத்தாழ 3,650 டால்ற்றன், அது வெளியே போகாது.

பிறகு இழைகளைச் சோடி சேர்க்க வேண்டும். இந்தத் தொடர் தனக்குத்தானே பொருந்துவது. ஐதாக இருந்தாலோ உப்புக் குறைந்தாலோ ஒரே இழை கொண்டையூசி போல மடங்கிவிடும். செறிவான கரைசலை உப்போடு 90 பாகை செல்சியஸில் 5 நிமிடம் வைத்து, அடுப்பை நிறுத்தி, பெரிய பாத்திர நீரிலேயே இரவு முழுக்க ஆற விடுங்கள். ஐசில் அமிழ்த்தினால் கிடைப்பது அந்த மடிப்புத்தான்.

இனித் துளி. 1 மில்லிமூலர் சோடி இழைக் கரைசலில் 2 மைக்குரோலீற்றர். அதனோடு 10% எம்.பி.டி (நீரை இழுக்கும் ஒரு மதுசாரம்), பீ.எச் 7 இல் 40 மில்லிமூலர் சோடியம் கக்கோடைலேற்று (பீ.எச் மாறாமல் வைக்கும் தாங்கற் கரைசல்), 12 மில்லிமூலர் ஸ்பெர்மின் ரெற்றாஐதரோகுளோரைட்டு, 80 மில்லிமூலர் சோடியம் குளோரைட்டு, 20 மில்லிமூலர் மகனீசியம் குளோரைட்டு சேர்ந்த கரைசலில் 2 மைக்குரோலீற்றர். அடிக்கிணற்றில் 35% எம்.பி.டி 1 மில்லிலீற்றர். துளியிலுள்ள நீர் ஆவியாகி அடிக்கிணற்றுக்குப் போகப் போகத் துளி செறிவாகும்.

வெளுப்பதற்குக் காரணம் ஸ்பெர்மின், டீஎன்ஏயின் எதிர் ஏற்றத்தைப் பிடிக்கும் நேர் ஏற்ற மூலக்கூறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் சோடி இழையில் 22 பொசுபேற்று, ஆகவே துளியில் 44 நனோமூல் எதிர் ஏற்றம். ஸ்பெர்மினுக்கு மூலக்கூறொன்றுக்கு 4 நேர் ஏற்றம், அதாவது 96 நனோமூல். இரண்டு மடங்குக்கும் மேல்! ஸ்பெர்மினை 6 மில்லிமூலர் ஆக்கினால் ஏறத்தாழச் சமனாகிவிடும். எப்போதும் அதைக் கடைசியில், ஐதாகச் சேர்க்கவும். ஊசி கொட்டினால் கருவாக்கம் (பளிங்கு விதைகள் தோன்றுவது) மிஞ்சிவிட்டது என்று பொருள்: டீஎன்ஏயைக் குறையுங்கள், அல்லது அடிக்கிணற்றை 25–30% க்கு இறக்குங்கள். இரண்டு வாரமாகியும் தெளிவாக இருந்தால் 40, 45, 50% என்று ஏற்றுங்கள்.

வெப்பநிலையும் முக்கியம். எங்கள் பக்கத்தில் மின்வெட்டு வந்தால் குளிரூட்டிய அறை ஒரு மணித்தியாலத்துக்குள் வெளிவெயிலோடு போட்டி போடத் தொடங்கிவிடும். தட்டுகளைத் தண்ணீர்ப் போத்தல்களோடு ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை அறைக்குள் வையுங்கள். ஒவ்வொரு நாளும் திறந்து பார்ப்பதை விடுங்கள்.

கேள்வி: துளியில் பளபளவென்று பெரிய பளிங்குகள் வந்துள்ளன. ஒரு தடவை வடித்த கிணற்றுநீரில்தான் கரைசல்கள் செய்தோம். தாங்கற் கரைசல் பொசுபேற்று. இது டீஎன்ஏ தானா? (ஆய்வுகூட உதவியாளர், சுன்னாகம்)

பதில்: ஐயப்பட வேண்டிய பளிங்கு. குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவது, கல்சியம் நிறைந்தது. வடிக்கும்போது நீர் தெறித்துக் கொஞ்சம் கடந்து வரும். அதைவிடப் பெரிய பிரச்சினை பொசுபேற்று: மகனீசியத்தோடு சேர்ந்தால் நல்ல வடிவான உப்புப் பளிங்கு தரும். அயன் நீக்கிய 18 மெகா ஓம் நீரையும் பொசுபேற்று இல்லாத தாங்கற் கரைசலையும் பாவியுங்கள்.

சோதிக்க, மெல்லிய ஊசியால் ஒன்றைத் தொடுங்கள். உப்பு 'டிக்' என்று வெடிக்கும், டீஎன்ஏ மெத்தென்று நொறுங்கும். முனைவாக்கிய ஒளியை நம்பாதீர்கள், இரண்டும் மினுங்கும். இன்னொன்றைக் கழுவி, 5 மைக்குரோலீற்றர் நீரில் கரைத்து, 20% பொலிஅக்கிரிலமைட்டுக் களியில் ஓட்டினால் தெரிந்துவிடும். எக்ஸ்-கதிர்க் கருவியில் வைத்தால் உப்பு, மையத்துக்கு வெகுதூரத்தில் சில தடித்த புள்ளிகள் மட்டும் காட்டும். டீஎன்ஏயில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், 3.4 அங்ஸ்ட்ரோம் (ஓர் அங்ஸ்ட்ரோம் என்பது மீற்றரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) பக்கத்தில் வலுக்கும்.

கேள்வி: கக்கோடைலேற்றில் ஆசனிக்கு உண்டாமே? (மாணவர், நல்லூர்)

பதில்: உண்டு. கையுறை கட்டாயம், எச்சத்தைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. இந்த பீ.எச் அளவில் மொப்ஸ் என்ற தாங்கற் கரைசல் போட்டும் பார்க்கலாம்.

கேள்வி: 1952 இலேயே ரோசலின்ட் பிராங்ளினின் 51 ஆம் இலக்க எக்ஸ்-கதிர்ப் படம் டீஎன்ஏயின் சுருளைக் காட்டிவிட்டதே. பிறகு பளிங்கு எதற்கு? (ஆசிரியர், பருத்தித்துறை)

பதில்: அது டீஎன்ஏ நாரின் படம். நாரில் மூலக்கூறுகள் அச்சைச் சுற்றி எப்படியும் திரும்பி நிற்கும், தொடரும் கலந்தது. கிடைப்பது சராசரி மட்டுமே: படிக்கு 3.4, சுற்றுக்கு 34 அங்ஸ்ட்ரோம். எந்த மூலம் (ஏ, ரி, ஜி, சி) எங்கே எப்படித் திரும்புகிறது என்று தெரியாது. 1979 இல் சி-ஜி-சி-ஜி-சி-ஜி பளிங்கை 0.9 அங்ஸ்ட்ரோம் நுணுக்கம் வரை பார்த்தபோது, எல்லோரும் எதிர்பார்த்த வலச்சுருள் இல்லை, சுற்றுக்கு 12 சோடி கொண்ட இடச்சுருள்! வழமையான பி வடிவம் (வலச்சுருள்) பளிங்கில் தெரிந்தது அதற்குப் பிறகுதான், 1980–81 இல், டிக்கர்சன் குழுவின் கையில். கொக்குவில் வாசகி வைத்திருக்கும் அதே தொடர். ஏ-ஏ-ரி-ரி பகுதியில் சிறு பள்ளம் ஒடுங்கி, அதற்குள் நீர் மூலக்கூறுகள் முதுகெலும்பு போல வரிசையாக நிற்பதை நாரில் ஒருநாளும் கண்டிருக்க முடியாது.

கேள்வி: எங்கள் டீஎன்ஏ பளிங்கின் தரவு 2 அங்ஸ்ட்ரோம் நுணுக்கம் வரை உண்டு. மூலக்கூற்றுப் பதிலீட்டில் (தெரிந்த மாதிரியை வைத்து விடை தேடும் முறை) ஒரே தரத்தில் பல விடைகள் வருகின்றன. சுயாதீன ஆர் (ஒதுக்கி வைத்த தரவோடு மாதிரி எவ்வளவு முரண்படுகிறது என்ற அளவு) 40% க்குக் கீழே இறங்கவில்லை. (ஆய்வு மாணவர், திருநெல்வேலி)

பதில்: சுருளை அச்சு வழியே ஒரு சோடி தள்ளி வைத்தாலும் பொசுபேற்றுகள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே விழும், புரி ஒன்று தவறிய திருகாணி மாதிரி. மென்பொருளுக்கு அது நல்ல விடையாகவே தெரியும். முதலில் அலகுக்கூட்டைப் பாருங்கள். சமச்சீர்க் குலம் பி 2₁2₁2₁, அளவு ஏறத்தாழ 25 × 40 × 66 அங்ஸ்ட்ரோம் என்றால் தேடலே வேண்டாம். தரவு வங்கியின் 1பிஎன்ஏ (இதே தொடரின் கட்டமைப்பு) ஐ வைத்து நேரே விறைப்புடல் சீராக்கம் (மாதிரியை முழுதாக நகர்த்திப் பொருத்துவது) செய்யுங்கள். வேறு கூடு என்றால் ஏ, பி என்ற இரண்டு வலச்சுருள் வடிவ மாதிரிகளாலும் தேடி, பக்கத்து மூலக்கூறோடு மோதும் விடைகளைக் கழியுங்கள். அடர்த்திப் படத்தில் பியூரின் (பெரிய மூலம்: ஏ, ஜி) இருக்க வேண்டிய இடத்தில் பிரிமிடீன் (சிறிய மூலம்: ரி, சி) அளவுதான் தெரிந்தால் சோடி தள்ளிப் போயிருக்கிறது. இவ்வளவு சிறிய கூட்டில் 2 அங்ஸ்ட்ரோம் வரை 4,500 அளவு தெறிப்புகளே உண்டு, 5% ஒதுக்கினால் 225 தான். அந்தச் சுயாதீன ஆர் ஒன்றிரண்டு சதவீதம் ஆடினால் பெரிதாக எடுக்க வேண்டாம்.

அப்போதும் தீராவிட்டால், புரோமீனின் சைகையை வைத்து விடை காணத் தைமினுக்குப் பதில் 5-புரோமோயுராசில் போட்ட துண்டைச் செய்விக்கவும். புரோமீன் மெதைலின் பருமனே கொண்டது, பளிங்கு பெரும்பாலும் மாறாது. அதன் உறிஞ்சல் விளிம்பு 0.92 அங்ஸ்ட்ரோம், செப்புக் குழாயின் 1.54 இல் சைகை மெலிவாகவே வரும். ஆகவே அலைநீளத்தை மாற்றக்கூடிய சிங்குரோத்திரன் கதிர் மூலத்தில் நேரம் வேண்டும். இந்தியாவில் இந்தூரின் இண்டஸ்-2 இல் இதற்கென ஒரு கதிர்வழி உண்டு. குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வையுங்கள், வெளிச்சத்தில் புரோமீன் கழன்றுவிடும். எக்ஸ்-கதிரும் அதையே செய்யும். அதனால் சைகை உச்சமாகும் அலைநீளத்தின் தரவை முதலில், குறைந்த அளவுக் கதிரில் எடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.