வெளிநாட்டுல கார்டு திருட்டு போனா காசுக்கு என்ன வழி?

கேள்வி: எங்க பொண்ணு ரோமுக்கு போன இடத்துல மெட்ரோவுல பர்ஸை அடிச்சிட்டாங்க. டெபிட், கிரெடிட் ரெண்டு கார்டும் அதுலதான். பாஸ்போர்ட்டும் போனும் தப்பிச்சுது. நாங்க ஊட்டிக்கு ஓடி பேங்க்ல கேட்டா, அங்க அவளுக்கு அக்கவுன்ட் இருக்கான்னு கேக்கறாங்க. கடைசில ஒருத்தர்கிட்ட இங்க ரூபாயா குடுத்து, அவளுக்கு அங்க 300 யூரோ கிடைச்சுது, யூரோவுக்கு 20 ரூபாய் கூட எடுத்துக்கிட்டார். அடுத்த மாசம் பையன் ஜெர்மனி போறான். அவனுக்கும் இதே மாதிரி ஆயிட்டா, கம்மி செலவுல காசு கிடைக்க என்ன பண்ணணும்? என் தம்பி துபாய்ல இருக்கான், அவன் மூலமா முடியுமா?
- ஒரு அம்மா, கோத்தகிரி பக்கம்

பதில்: வணக்கம்மா. பொண்ணு பத்திரமா வந்தாளே, அது போதும். ஆனா அந்த 6,000 ரூபாய் போனதை விட எனக்கு பயம் வேற. நீங்க பண்ணினதுக்கு பேரு உண்டியல், ஃபெமாங்கிற அந்நியச் செலாவணி சட்டப்படி தப்பு, ரசீது கிடையாது, அந்த ஆள் காசை வாங்கிட்டு கைய விரிச்சிருந்தா போலீஸ்கிட்ட கூட போயி சொல்ல முடியாது. பையனுக்கு அந்த வழி வேண்டவே வேண்டாம்.

பேங்க்காரங்க கேட்டதும் சரிதான், ஏன்னா அவங்க ஸ்விஃப்ட்ல, அதாவது பேங்க்குங்க நாடு விட்டு நாடு பணம் அனுப்பற முறைல, அனுப்பறது ஒரு அக்கவுன்ட்ல இருந்து இன்னொரு அக்கவுன்ட்டுக்கு, அதுக்கு எதுக்காக அனுப்பறோம்னு எழுதற ஏ2 ஃபாரம், பேன் கார்டு எல்லாம் குடுத்து ரெண்டு மூணு நாள் காத்திருக்கணும், நடுவுல இருக்கிற பேங்க்கும் தன் பங்குக்கு கொஞ்சம் பிடிச்சுக்கும், சாயங்காலம் சாப்பாட்டுக்கு காசில்லாம நிக்கிற பொண்ணுக்கு அது உதவாது. அப்புறம் நம்ம பஸ் ஸ்டாண்ட் பக்கம் மணி டிரான்ஸ்ஃபர் போர்டு தொங்குதே, அங்க அனுப்பலாமேன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ரிசர்வ் பேங்க்கோட எம்டிஎஸ்எஸ் திட்டத்துல அந்த கடைங்களுக்கு வெளிநாட்டுல இருந்து வர்ற பணத்தை குடுக்க மட்டும்தான் பெர்மிஷன், இங்க இருந்து அனுப்ப இல்ல.

அதனாலதான் உங்க தம்பி இருக்கிறது பெரிய பலம். துபாய்ல இருந்து அவர் வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் மாதிரி பணம் அனுப்பற கம்பெனி எதுலயாவது ஜெர்மனிக்கு கேஷ் பிக்கப்னு போட்டா, பெரும்பாலும் அன்னைக்கே பையன் பாஸ்போர்ட்டை காட்டி யூரோவா வாங்கிக்கலாம். வெஸ்டர்ன் யூனியன்னா எம்டிசிஎன்னு 10 இலக்க நம்பர் ஒண்ணு வரும், அதை பையனைத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது. தம்பி ரொக்கமாவோ அக்கவுன்ட்ல இருந்தோ கட்டட்டும், கிரெடிட் கார்டுல கட்டினா அது கேஷ் அட்வான்ஸ், அதாவது கார்டுல ரொக்கம் எடுத்த கணக்குல போயி தனியா வட்டி ஏறலாம். ஃபீஸ் கம்மின்னு மட்டும் பாக்காதீங்க, கையில எத்தனை யூரோ வருதுன்னு பாருங்க, ஏன்னா ரேட்லயும் அவங்க வெட்டுவாங்க.

இதுல நம்ம ஆளுங்க மாட்டறது பேருலதான். பேங்க்ல இனிஷியலோட இருக்கும், ஆதார்ல ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா வந்து சர்நேம் இடத்துல உக்காந்திருக்கும், வீட்டுல கூப்பிடறது வேற. மாமா பாசமா கூப்பிடற பேரைப் போட்டு அனுப்பிட்டா கவுன்டர்ல குடுக்க மாட்டாங்க. பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே ஒரு எழுத்து மாறாம தம்பிக்கு இப்பவே எழுதி அனுப்பிடுங்க.

ஆனா தம்பி மூலமா அனுப்பறது ரெண்டாவது வழிம்மா. முதல் வழி, பையன்கிட்டயே இன்னொரு கார்டு இருக்கணும், அதுவும் பர்ஸ்ல இல்லாம தனியா. ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது வெளிநாட்டு காசை முன்னாடியே போட்டு வைக்கிற கார்டு ஒண்ணு யூரோவுல போட்டு வாங்குங்க, சில பேங்க்ல கூடவே பேக்கப் கார்டும் குடுப்பாங்க, குடுக்கலன்னா கேட்டு வாங்குங்க. ஒண்ணு பர்ஸ்ல, இன்னொண்ணு ரூம்ல பெட்டிக்குள்ள. முதல் கார்டு போனா அதை பிளாக் பண்ணிட்டு மிச்ச பணத்தை பேக்கப்புக்கு மாத்திக்கலாம். பணம் தீர்ந்தா இங்க இருந்தே ரீலோட் பண்ணலாம், பச்சத் தேயிலை வித்த பணம் எப்ப வருதோ அப்ப கொஞ்சம் கொஞ்சமா போட்டா போதும். ஒரே ஒரு சிக்கல், ஓடிபி உங்க போனுக்கு வரும்னா மழை நாள்ல நம்ம மலையில டவர் படுத்துச்சுன்னா அன்னைக்கு வேலை நடக்காது, அதனால முன்கூட்டியே போட்டு வைங்க.

பழைய டெபிட் கார்டையும் குடுத்து விடுங்க, ஆனா அதுல இன்டர்நேஷனல் ஆன் பண்ணியிருக்கான்னு ஆப்ல பாத்துடணும், 2020-ல இருந்து புதுக் கார்டெல்லாம் அது ஆஃப்ல தான் வருது. அங்க ஏடிஎம்ல "ரூபாயில கணக்கு போடவா"ன்னு கேக்கும், வேண்டாம்னு யூரோவையே அமுக்கச் சொல்லுங்க, ரூபாய்னு சொன்னா ரேட்ல நல்லா உரிச்சிடுவாங்க. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா ஒவ்வொரு தடவையும் சார்ஜ், ஒரு வாரத்துக்கு வேணுங்கிறதை மொத்தமா எடுக்கட்டும். யுபிஐய நம்பி ஜெர்மனிக்கு கிளம்ப வேண்டாம்.

எல்லாமே போயிட்டா? முதல்ல பிளாக். பேங்க்ல சொன்னதுக்கு அப்புறம் எவனாவது எடுத்தா அது பேங்க் தலையில, நம்ம தலையில இல்ல, அதனால அழறதுக்கு முன்னாடி போன் பண்ணச் சொல்லுங்க. நம்பர் கார்டு பின்னாடி இருக்கும்னு நினைக்கிறோம், அந்தக் கார்டே போயிருக்கும்! 1800 நம்பர் வெளிநாட்டுல இருந்து பெரும்பாலும் போகாது, +91-ல ஆரம்பிக்கிற நம்பரை நீங்களும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. அதே போன்ல "எமர்ஜென்சி கேஷ் கிடைக்குமா"ன்னும் கேக்கலாம், விசா, மாஸ்டர்கார்டு ரெண்டுலயும் சில கார்டுக்கு அந்த வசதி உண்டு, பேங்க் ஓகே சொன்னா அங்கயே ஒரு இடத்துல ரொக்கம் குடுப்பாங்க. சார்ஜ் எவ்வளவுன்னு கேட்டுட்டு அப்புறமா தலையாட்டச் சொல்லுங்க, கிரெடிட் கார்டு கணக்குல வந்தா எடுத்த அன்னைல இருந்தே வட்டி ஓடும். கூட பசங்க யாராவது போறாங்கன்னா ரெண்டு நாளைக்கு ஹோட்டல், சாப்பாடு பில்லை அவங்க கார்டுல போடட்டும், உங்க பங்கை இங்க ஜிபே பண்ணிடுங்க, அதை விட மலிவான வழி கிடையாது.

கிளம்பற அன்னைக்கு 200 யூரோ நோட்டா குடுத்து, பாதிய ஷூ வைக்கிற பைக்குள்ள போடச் சொல்லுங்க. லைசென்ஸ் இருக்கிற ஃபாரெக்ஸ் கடையில பில்லோட வாங்குங்க, ஊட்டில ரேட் ஒத்து வரலன்னா கோயம்புத்தூர் போற அன்னைக்கு ரெண்டு கடை ஏறி இறங்குங்க.