அப்பா இறந்து இரண்டு மாதமாகிறது, விடுதியில் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. கல்லூரி கவுன்சிலரிடம் போகலாமா? வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

தாராளமாகப் போகலாம். வீட்டுக்கு மூத்த பிள்ளை நீங்கள்தான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றாலும் பரவாயில்லை.

நான் ஐந்தாவது செமஸ்டரில் இருந்தபோது அப்பா பைக் விபத்தில் போய்விட்டார். ஜி.எச். மார்ச்சுவரியில் அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட்டது நான்தான். கருமாதி முடிந்து மொட்டைத் தலையோடு வகுப்புக்குப் போனால், "என்னப்பா, திருப்பதியா பழனியா?" என்று சிரித்தபடி கேட்டார் ஒரு பேராசிரியர். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது. "பழனி சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தெரிந்தவர்களுக்கோ ஒரே வசனம்தான்: "தைரியமா இரு, இனிமே வீட்டுக்கு நீதான் எல்லாம்."

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எனக்குக் கை நடுங்கும், சட்டை நனைந்துவிடும். எங்கள் கல்லூரி இருந்ததோ நெடுஞ்சாலை ஓரம்.

கவுன்சிலர் அறை ஃபீஸ் கவுன்ட்டருக்குப் பக்கத்தில். வாசலில் ஒரு நோட்டு: பெயர், ரோல் நம்பர், வந்த காரணம். முதல் ஆள் 'பர்சனல்' என்று எழுதியிருந்தார், அதற்குக் கீழே பக்கம் முழுக்க டிட்டோ. நானும் ஒன்று போட்டேன். உள்ளே இருந்த மேடம் தைரியம் சொல்லவே இல்லை. அப்பா என்ன வேலை பார்த்தார், உங்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டார். அதுவரை எல்லோரும் கேட்டது, எப்படிப் போனார் என்பதைத்தான். நன்றாக அழுதேன். சைரன் கேட்டால் பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு, கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொன்னார். ஃபேன், பக்கெட், லுங்கி, பூட்டு என்று அறையில் முணுமுணுத்துக்கொண்டிருப்பேன். கேட்க வேடிக்கையாக இருக்கும், எனக்குப் பலித்தது.

"எங்க காலத்துல இதெல்லாம் ஏது" என்று கமென்ட்டில் வரப்போகிறவர்களுக்கு: எல்லோருக்கும் கவுன்சிலர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. துக்கம் நோயும் இல்லை. தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் கெட்டுக் கிடக்கும்போது போவதில் தப்பில்லை, அவ்வளவுதான். சில கல்லூரிகளில் ஏதோ ஒரு துறைப் பேராசிரியரையே கவுன்சிலர் நாற்காலியில் உட்காரவைப்பார்கள் என்பதும் தெரியும். 100 மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் தகுதியுள்ள ஒருவரை நியமிக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் சரியான ஆள் இல்லையென்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண் (டெலி மனாஸ்) இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வீட்டுக்குத் தெரியுமா என்றால், என் விஷயத்தில் தெரியவில்லை. 2017 மனநலச் சட்டமும் சிகிச்சை தருபவர் ரகசியம் காக்க வேண்டும் என்றே சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில சூழல்களில் மட்டும் சொல்வார்கள், அது நியாயம்தான். முதல் நாளே அவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் வேறு. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. அலுவலகத்தில் அப்பாவின் இறப்புச் சான்றிதழை நீட்டினேன். "இது அப்பாவோடது, உனக்கு உடம்புக்கு என்ன?" என்றார் அங்கிருந்தவர். கடைசியில் எங்கள் ஊர் டாக்டரிடம் எனக்கு டைபாய்டு என்று எழுதி வாங்கிக் கொடுத்துத்தான் பரீட்சை எழுதினேன். இறந்தது உண்மை, அது செல்லாது; டைபாய்டு பொய், அது செல்லும்! உங்களுக்கும் நாள் குறைந்திருந்தால் செமஸ்டர் கடைசி வரை விடாதீர்கள். கவுன்சிலரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கி, இப்போதே எச்.ஓ.டி.யிடம் கொடுத்துவிடுங்கள்.