தம்பி பேச்சை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. பிறந்த வீடு கல்லிடைக்குறிச்சி. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஆறு வயதுத் தம்பி ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். சென்னையில் வைத்துப் பார்த்தார்கள். நான் ஆச்சி வீட்டில் இருந்தேன். அதன்பிறகு வீட்டில் அவன் பேச்சே கிடையாது. போட்டோவும் பீரோவுக்குள் போய்விட்டது. கேட்டால், "ஏட்டி, சும்மா இரி" என்பாள் அம்மா. போன மாதம் என் மகனுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் முறைக்குப் பெரியம்மா மகன் உட்கார்ந்தான். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவேயில்லை. இன்னொன்றும் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. ஒரு சண்டையில் தம்பியைத் திண்ணையிலிருந்து தள்ளிவிட்டேன். காலெல்லாம் கன்றிப்போயிற்று. அதற்கு அப்புறம்தான் காய்ச்சல் வந்தது. என்னால்தானா? என் மகனுக்கும் வருமா?

- பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம்

பதில்: உங்களால் இல்லை, சகோதரி. கீழே விழுந்தோ அடிபட்டோ ரத்தப் புற்றுநோய் வராது. இந்த நோயில் எலும்பு மஜ்ஜைக்குள் முதிராத வெள்ளை அணுக்கள் பெருகி இடத்தை அடைத்துக்கொள்ளும். ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் குறைந்துபோகும். அப்புறம் லேசாகப் பட்டாலே உடம்பு கன்றிவிடும். காலெல்லாம் கன்றியது என்றால், திண்ணையில் சண்டை போட்ட அன்றைக்கே நோய் அவனுக்குள் இருந்திருக்கலாம். தம்பியைத் தள்ளிவிடாத அக்கா எந்தத் தெருவில் இருக்கிறாள், சொல்லுங்கள்.

மகனைப் பற்றிய பயமும் வேண்டாம். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, ஒட்டிக்கொள்வதும் இல்லை. விடாத காய்ச்சல், வெளிறிப்போவது, காரணமில்லாத கன்றல், எலும்பு வலி இருந்தால் எந்தப் பிள்ளையையும் டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான். பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோயில் இப்போது பெரும்பாலானதைக் குணப்படுத்த முடிகிறது. இதை உங்கள் அம்மாவிடம் போய்ச் சொல்லாதீர்கள். அவர் மனசு உடனே, 'அப்போ நாமதான் சரியாப் பாக்கலையோ' என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

அம்மாவுக்கு வருகிறேன். அவர் மறந்துவிட்டார் என்று நீங்கள் கொஞ்சம் கோபப்படுவது கடிதத்தில் தெரிகிறது. அன்றைக்கு ஏன் அடுக்களைக்குள்ளேயே இருந்தார்? பேரனை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவன் யார் என்று அந்த வீட்டிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். உங்களுக்கு எப்படித் திண்ணையோ, அப்படி அவருக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். முதல் காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்ததாக இருக்கலாம். உங்களை ஆச்சி வீட்டில் விட்டுப்போனதாகக்கூட இருக்கலாம்.

அதனால் திண்ணைக் கதையை எடுத்த எடுப்பில் அவரிடம் இறக்கிவைக்காதீர்கள். "ஏன் பேச மாட்டேங்க?" என்றும் கேட்காதீர்கள். பதில் சொல்லக்கூடிய சின்னக் கேள்வியாகக் கேளுங்கள். சொதி வைக்கும் நாளில், "தம்பி இதைச் சாப்பிடுவானாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். எழுந்து போனால் போகட்டும். இன்னொரு நாள் கேட்கலாம். பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். சென்னையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அது தெரிந்தவர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

நம் பக்கத்தில் பல வீடுகளில், சின்ன வயதில் இறந்த பெண் பிள்ளையைக் கன்னியாக நினைத்துப் புதுத்துணி எடுத்துப் படைப்பார்கள். வருஷத்துக்கு ஒரு நாளாவது அந்தப் பெயர் வீட்டில் புழங்கும். உங்கள் தம்பிக்கு அப்படி ஒரு நாள் இல்லையென்றால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், இறந்த நாளைவிடப் பிறந்த நாள் நல்லது. ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணியில் முழுகி என்ன செய்யலாம் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு.

போட்டோ உங்கள் வீட்டுக்கு வரட்டும். மாலை போட்டு மாட்ட அம்மாவுக்கு மனசு வராது. மற்றக் குடும்பப் படங்களோடு ஒன்றாக வையுங்கள். மகன் கேட்டால், "உன் தாய்மாமா, என் தம்பி" என்று பெயரோடு சொல்லுங்கள். எப்படிச் செத்தார் என்பான். 'தூங்கிட்டார்' என்றால் ராத்திரி தூங்கப் பயப்படுவான். 'சாமி கூட்டிட்டுப் போயிட்டார்' என்றால் சாமி மேல் சந்தேகம் வரும். ரத்தத்தில் புற்றுநோய், டாக்டர்கள் பார்த்தும் சரியாகவில்லை, அது யாருக்கும் ஒட்டாது என்று நேராகச் சொல்லுங்கள். அடுத்து, "மாமாகூட சண்டை போடுவியாம்மா?" என்று கட்டாயம் கேட்பான். போட்டேன் என்றே சொல்லுங்கள்.